ஆத்தங்குடிச் சிவப்பில் ஒரு நாப்: பழைய ஏவோமீட்டரைப் பழுது பார்த்த கதை

பள்ளத்தூரில் ஒரு வீட்டுக்கு ஒயரிங் பார்க்கப் போயிருந்தேன். வேலை முடிந்து முகப்பில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தபோது, ஆச்சி சாமான் அறையிலிருந்து ஒரு தோல் பெட்டியைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தார்.

"தம்பி, இது எங்க அப்பச்சி பினாங்குல இருந்து கொண்டாந்தது. கரண்டு பாக்குற பொட்டின்னு சொல்வாக. ஓடுமான்னு பாரு. ஓடலைன்னா பழைய சாமான் வாங்க வர்றவன்கிட்ட போட்டுடலாம்."

தோல் உறையை இழுத்தேன், பாதி என் கையோடு வந்துவிட்டது. உள்ளே கறுப்பு பேக்கலைட் முகம், கண்ணாடிக் கீற்று பதித்த நீண்ட ஸ்கேல், திருப்புகிற குமிழ்களாக இரண்டு நாப்கள். ஏவோமீட்டர் மாடல் 8, மார்க் 2. முப்பது வருடமாக ரேடியோ, டிவி வேலை பார்க்கிறேன். பயிற்சிக் காலத்தில் ஒரு பட்டறையில் இதைத் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி, தொட விடமாட்டார்கள். ஓடும் ஓடாது என்று ஆச்சியிடம் எதுவும் சொல்லாமல் வாங்கி வண்டியில் வைத்துக் கட்டினேன்.

தெரியாதவர்களுக்கு ஒரு வரி: கரண்ட், வோல்டேஜ், மின்தடை மூன்றையும் அளக்கும் மீட்டர் இது. அவற்றின் அலகுகளான ஆம்பியர், வோல்ட், ஓம் ஆகியவற்றின் ஆங்கில முதல் எழுத்துகள்தான் இந்தப் பெயர். பிரிட்டிஷ் தபால் துறையில் பொறியாளராக இருந்த டொனால்டு மெக்கடி, மூன்று வேலைக்கு மூன்று கருவி சுமந்து அலுத்துப்போய் எல்லாவற்றையும் ஒரே பெட்டிக்குள் கொண்டுவந்தார். முதல் ஏவோ 1923-ல் வந்தது. மாடல் 8 வந்தது 1951-ல், அதன் வாரிசுகள் 2008 வரை தயாராகின. டிசி பக்கம் ஒரு வோல்ட்டுக்கு 20,000 ஓம் என்பதுதான் இதன் பெருமை. அதாவது முழு முள் அசைவுக்கு 50 மைக்ரோ ஆம்பியர் போதும். வால்வு ரேடியோவில் பெரிய பெரிய ரெசிஸ்டருக்குப் பின்னால் இருக்கும் வோல்டேஜை அளக்கும்போது, மீட்டரே கரண்டை உறிஞ்சிப் பொய் சொல்லாமல் இருக்க இது வேண்டும்.

வீட்டில் வைத்து முதல் சோதனை. ஒரு புது டார்ச் பேட்டரிக் கட்டையை வைத்தேன், முள் அசையவே இல்லை. செத்துவிட்டது என்றே நினைத்தேன். அப்புறம்தான் உறைத்தது. இதில் இடது நாப் டிசிக்கு, வலது நாப் ஏசிக்கு. டிசி அளக்க வேண்டுமானால் வலது நாப் "டிசி" என்ற இடத்தில் நிற்க வேண்டும், ஏசி அளக்க இடது நாப் "ஏசி"யில் நிற்க வேண்டும். இரண்டும் ஒத்துழைத்தால்தான் மின்பாதை முழுமையாகும். என் மீட்டரில் இடது நாப் பாதி உடைந்து, அது எந்த எண்ணைக் காட்டுகிறது என்றே தெரியாத நிலை. ஊசிமூக்குக் குறடால் தண்டைப் பிடித்து ஒவ்வொரு 'டிக்'காக எண்ணித் திருப்பினேன். முள் எழுந்தது. ஸ்கேலில் மூன்றில் ஒரு பங்கு தூரம் போய் அங்கேயே நின்றது. கட்டையை எடுத்த பிறகும் பூஜ்யத்துக்குத் திரும்பவில்லை.

சரி, உயிர் இருக்கிறது. பின்மூடியைத் திறந்தேன்.

நான் பயந்தபடிதான், பேட்டரி உள்ளேயே இருந்து கசிந்திருந்தது. பித்தளைத் தகடுகள் முழுக்கப் பச்சைக் களிம்பு. இணையத்தில் பேட்டரிக் கசிவு என்றாலே எலுமிச்சம்பழம் தேய் என்பார்கள். எந்தக் கட்டை என்று பார்க்காமல் அப்படிச் செய்யக்கூடாது. இப்போதைய ஆல்கலைன் கட்டையிலிருந்து வருவது காரம், அதற்கு எலுமிச்சையோ வினிகரோ சரி. அந்தக் காலத்துத் துத்தநாக–கார்பன் கட்டையிலிருந்து வருவது அமிலத்தன்மை உள்ள உப்பு. அதற்குச் சமையல் சோடா கலந்த தண்ணீர்தான். நான் இரண்டையும் செய்தேன்: தகடுகளைக் கழற்றிச் சோடாத் தண்ணீரில் போட்டு உப்பை முறித்தேன், அப்புறம் மிச்சமிருந்த களிம்புக்கு, வீட்டில் குத்துவிளக்கு விளக்குவது போல, புளிக் கரைசலில் பத்து நிமிடம். மறுபடி சோடா, நல்ல தண்ணீர், வெயில். காரைக்குடிக்காரன் என்பதால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை: அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1953-ல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிற ஊர் இது. பேட்டரி ஆராய்ச்சிக்கு நாட்டிலேயே பெயர் பெற்ற இடம். அதன் சுற்றுச்சுவரிலிருந்து கூப்பிடு தூரத்தில் உட்கார்ந்து நான் புளி கரைத்துக்கொண்டிருந்தேன்.

தகட்டைக் கழற்றும்போது இரண்டு ஸ்குரூக்கள் களிம்பில் இறுகித் தலை முறிந்துவிட்டன. பழைய பிரிட்டிஷ் கருவிகளில் கை வைக்கிறவர்கள் எல்லோரும் மாட்டிக்கொள்கிற இடம் இதுதான். இவை மில்லிமீட்டர் ஸ்குரூ இல்லை, பிஏ என்ற பழைய பிரிட்டிஷ் அளவு. 6பிஏ என்றால் விட்டம் 2.8 மி.மீ., புரிக்குப் புரி 0.53 மி.மீ. கடையில் கிடைக்கும் எம்3 என்பது 3 மி.மீ., 0.5. பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். கொஞ்சம் அழுத்தினால் ஏறுவது போலவே ஏறி, பித்தளைப் புரியைத் தின்றுவிடும். அதற்குப் பிறகு எந்த ஸ்குரூவும் நிற்காது.

எனவே முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போனேன். பழைய சாமான் கடைகள் வரிசையாக இருக்கும் தெரு. இடித்த வீட்டுக் கதவு, எனாமல் தூக்குச்சட்டி, பர்மா அரக்குப் பெட்டி, நின்றுபோன சுவர்க்கடிகாரம் என்று எல்லாம் தெருவரை வழியும். அங்கே ஒரு கடையில் தராசுகளுக்கு நடுவே இன்னொரு ஏவோ கிடந்தது. ஆசையாக எடுத்துத் துடைத்துப் பார்த்தால் மாடல் 7. முகம் கிட்டத்தட்ட ஒன்றுதான், உள்ளே வேறு ஜாதி. ஒரு வோல்ட்டுக்கு 500 ஓம்தான். முள்ளை ஆட்டும் கம்பிச் சுருளான காயிலும் ரெசிஸ்டர்களும் எனக்கு உதவாது. முள் வேறு ஒடிந்திருந்தது. ஆனால் ஸ்குரூக்கள்? மூடியைத் திறந்து காட்டச் சொன்னேன். ஒரு களிம்பும் இல்லாமல் இருபதுக்கு மேல் மின்னின. 700 ரூபாய் கொடுத்தேன். ஸ்குரூவுக்காக 700 ரூபாயா என்று வீட்டில் கேட்டார்கள். கழற்றிய ஒவ்வொரு பகுதியின் ஸ்குரூவையும் தனித்தனி ஓலைக் கொட்டானில் போட்டு வைத்தேன். பலகாரம் வைக்கும் கொட்டான்கள் அவை. அதற்கும் கேட்டார்கள்.

அடுத்தது முள். நின்றுபோகும் முள்ளுக்குக் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. காந்தத்துக்கும் காயிலுக்கும் நடுவே இருக்கும் முடி அளவு இடைவெளியில் இரும்புத்தூள் சிக்கியிருக்கும், அல்லது முள்ளைத் திருப்பி இழுக்கும் மெல்லிய சுருளான ஹேர் ஸ்பிரிங்கின் ஒரு சுற்று பக்கத்துச் சுற்றோடு ஒட்டியிருக்கும். மீட்டரைச் சாய்த்து முள்ளை மெல்ல ஊதிப் பாருங்கள். எப்போதும் ஒரே இடத்தில் முட்டி நின்றால் தூள், எங்கும் முட்டாமல் பூஜ்யத்துக்கு மட்டும் வராமல் போனால் ஸ்பிரிங். என்னுடையதில் இரண்டுமே இருந்தன.

இந்த வேலையைக் கடையில் செய்யக்கூடாது. என் கடைத் தரை முழுக்க டிரில் போட்ட இரும்புத்தூள். காந்தத்தைத் திறந்து வைத்தால் எல்லாம் அங்கேதான் போகும். ராத்திரி வீட்டில், மின்விசிறியை நிறுத்திவிட்டு, வெள்ளை வேட்டியை மேசையில் விரித்து உட்கார்ந்தேன். தென்னை ஈர்க்கைப் பிளேடால் சீவி, நுனியில் ஒட்டும் டேப்பைப் பசை வெளிப்பக்கம் இருக்கச் சுற்றி, இடைவெளிக்குள் விட்டு விட்டு எடுத்தேன். ஒவ்வொரு தடவையும் நுனியில் இரண்டு மூன்று கறுப்புப் புள்ளிகள். ஊதித் தள்ளலாம் என்று நினைக்காதீர்கள், காந்தம் விடாது. ஒரு மணி நேரத்தில் முள் தடையில்லாமல் ஓடியது.

ஸ்பிரிங்குக்கு என் கண்ணும் போதாது, கையும் போதாது. செக்காலையில் ஒரு வாட்ச் ரிப்பேர்க்காரர் இருக்கிறார். அவரிடம் கொண்டுபோனேன். கண்ணில் லென்ஸை மாட்டி, "அண்ணே, வாட்ச்சை விட இது பெருசுதானே" என்று இடுக்கியை உள்ளே விட்டார். காந்தம் இடுக்கியை வெடுக்கென்று இழுத்தது. நல்லவேளை, அவர் கை திடமான கை. எஃகு இடுக்கி ஆகாது என்பதை முதலிலேயே சொல்லாதது என் தப்பு. அப்புறம் மூங்கில் குச்சி ஒன்றை ஊசியாகச் சீவி, ஒட்டியிருந்த சுற்றை நுனியால் தொட்டுப் பிரித்துவிட்டார். ஐந்து நிமிடம். காசு வாங்கவில்லை. மேல், கீழ் என்று இருக்கும் அந்த இரண்டு ஸ்பிரிங்குகளும் முள்ளைத் திருப்பி இழுப்பதோடு காயிலுக்குக் கரண்ட் கொண்டுபோகும் ஒயரும்கூட. அதனால் அங்கே சோதனைக்காகக்கூட எண்ணெய் விடாதீர்கள். இதே மீட்டரின் கட்–அவுட்டில் யாரோ எப்போதோ தையல் மெஷின் எண்ணெய் விட்டிருக்கிறார்கள். அளவுக்கு மீறி கரண்ட் வந்தால் முள் ஓடிப்போய் முட்டும், உடனே ஒரு பொத்தான் துள்ளி எழுந்து மின்பாதையைத் துண்டிக்கும். அருமையான ஏற்பாடு. அந்த எண்ணெய் பிசினாகி, பொத்தான் பாதியில் உட்கார்ந்திருந்தது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் கழுவியதும் சரியாகிவிட்டது.

முன்பக்கக் கண்ணாடி விரிசல் விட்டிருந்தது. இங்கே ஒரு முட்டாள்தனம் செய்தேன். அக்ரிலிக் தகடு வெட்டுவது சுலபம் என்று அதையே வெட்டிப் பொருத்தினேன், பளிங்கு மாதிரி இருந்தது. துணியால் ஒரு துடை துடைத்தேன். முள் தானாக எழுந்து ஸ்கேலின் நடுவுக்குப் போய் நின்றது! மறுபடியும் ஸ்பிரிங் சிக்கிவிட்டது என்று நினைத்து எல்லாவற்றையும் பிரித்துவிட்டேன். சித்திரை வெயிலில் காய்ந்த அக்ரிலிக்கைத் துணியால் தேய்த்தால் நிலைமின்னூட்டம் ஏறும், 50 மைக்ரோ ஆம்பியரில் ஆடுகிற முள்ளை அது இழுத்துக்கொள்ளும். விரலை ஈரமாக்கித் தொட்டதும் முள் விழுந்தது. மறுநாள் படம் பிரேம் போடும் கடையில் ஒரு பழைய சாமி படத்தின் 2 மி.மீ. கண்ணாடியை அளவுக்கு வெட்டி வாங்கினேன். அதில் இருக்கும் ஒன்றிரண்டு குமிழிகளும் பழசுக்குப் பொருத்தமாகத்தான் இருக்கின்றன.

இனி அளவு சரிதானா என்ற கேள்வி. குறைந்த வோல்ட் ரேஞ்சுகளுக்கு துல்லியமான வோல்டேஜ் தரும் ஏடி584 என்ற ரெபரன்ஸ் சிப் வைத்த சின்னப் பலகை ஒன்று என்னிடம் இருக்கிறது. 2.5, 5, 7.5, 10 வோல்ட் தரும். ஏவோவிலும் 2.5, 10 என்று ரேஞ்சுகள் இருப்பதால் முழு முள் சோதனைக்குக் கச்சிதம். இரண்டிலும் முள் கோட்டை ஒட்டியே நின்றது. மேல் ரேஞ்சுகளுக்கு வோல்டேஜே தேவையில்லை. ஒரு வோல்ட்டுக்கு 20,000 ஓம் என்பதால், டிஜிட்டல் மீட்டரை ஓமில் வைத்து ஏவோவின் முனைகளில் கொடுத்தால் 100 வோல்ட் ரேஞ்சில் 2 மெகா ஓம், 250-ல் 5, 500-ல் 10, 1000-ல் 20 காட்ட வேண்டும்.

100 வரை சரி. 250-ல் 5.6. 500-ல் 10.6. 1000-ல் 20.6.

இந்த மூன்று எண்களைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். மூன்றிலும் கூடுதல் அதே 0.6. ஒவ்வொரு ரேஞ்சும் முந்தைய ரேஞ்சின் ரெசிஸ்டர்கள் மேல் இன்னொன்றைத் தொடராகச் சேர்த்துக்கொள்கிறது. ஆக, 100-க்கும் 250-க்கும் நடுவே இருக்கும் 3 மெகா ஓம் ஒன்று மட்டும் வயதாகி 3.6 ஆகிவிட்டது, மேலே இருப்பவை எல்லாம் அதன் பாவத்தைச் சுமக்கின்றன. 250 ரேஞ்சில் 10.7 சதவீதம் குறைவாகக் காட்டும், 500-ல் 5.7, 1000-ல் 2.9. இது தெரியாமல் மூன்று ரேஞ்சும் கெட்டுவிட்டன என்று மூன்று ரெசிஸ்டரையும் மாற்றியிருந்தால் நல்லதையும் தூக்கி எறிந்திருப்பேன்.

ஒரு சதவீத மெட்டல் பிலிம் 1 மெகா ஓம் இருபது வாங்கி, ஒவ்வொன்றாக அளந்து, கூட்டினால் சரியாக 3.00 வருகிற மூன்றைப் பொறுக்கி வரிசையாக ஈயம் வைத்தேன். முழு முள்ளில் அந்த மூன்றின் மேல் விழுவது 150 வோல்ட்தான், ஒன்றுக்கு 50. கவலையில்லை. பழைய ரெசிஸ்டரின் கூட்டைக் குடைந்து புதியதை உள்ளே ஒளித்து வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். மூடியைத் திறந்தால் தொழிற்சாலையிலிருந்து வந்த மாதிரி இருக்கும். பொறுமையான வேலைதான், மறுக்கவில்லை. எனக்குப் பிடிப்பதில்லை. அடுத்துத் திறக்கப்போகிறவனுக்கு எது பழசு, எது நான் வைத்தது என்று தெரிய வேண்டாமா? இந்தப் பக்கத்து வீடுகளில் பர்மா தேக்குத் தூணுக்கு அடியில் செல் அரித்த பாகத்தை வெட்டிவிட்டு வேம்பு ஒட்டுப் போடும் ஆசாரிகள், ஒட்டுத் தெரிகிற மாதிரியேதான் விடுவார்கள். மேலே பெயின்ட் அடித்து மறைக்கச் சொல்வது வீடு விற்க வருகிற தரகர்.

15 வோல்ட் பேட்டரி ஒரு தனிக் கதை. உயர் ஓம் ரேஞ்சுக்கு இந்த மீட்டருக்குச் சின்ன 15 வோல்ட் கட்டை வேண்டும். நம் ஊர்க் கடைகளில் அதைக் கேட்டால் முகத்தைப் பார்ப்பார்கள். சிஆர்2032 நாணயக் கட்டைகள் ஐந்தை அடுக்கினால் 3 × 5 = 15. ஒரு துண்டு பிளாஸ்டிக் குழாய், இரண்டு முனையிலும் மாடல் 7-லிருந்து வெட்டிய பித்தளைத் தகடு, நடுவில் பேனா ஸ்பிரிங். நாணயக் கட்டையின் மேல் நேராக ஈயம் வைக்காதீர்கள், சூட்டில் வெடிக்கும். புதுக் கட்டைகள் சேர்ந்து 16 வோல்ட் காட்டின, பூஜ்யம் சரிசெய்யும் திருகு அதைச் சமாளித்துக்கொண்டது.

கடைசியாக அந்த உடைந்த நாப். வலது நாப் முழுதாக இருந்ததால் அதை அச்சாக வைத்துக்கொள்ளலாம் என்று யோசனை. தெரிந்த பல் மருத்துவரிடம் பல் அச்சு எடுக்கும் சிலிக்கோன் மாவு கொஞ்சம் வாங்கினேன். கைரேகை வரை பிடிக்கும் சாமான் அது. ஊற்றுவதற்கு மெதுவாக இறுகும் எபாக்ஸி. தண்டில் மாட்டும் பித்தளைப் புஷ் லேத் பட்டறையில் கடைந்தது, இறுக்கும் ஸ்குரூ மாடல் 7-இன் நாபிலிருந்து.

நிறம்தான் பிரச்சினை. கறுப்புக்கு விளக்குக் கரி கலக்கலாம் என்றார்கள். கரி என்றால் கார்பன், கரண்ட் கசியும். 1000 வோல்ட் ரேஞ்சில் விரல் வைக்கிற இடத்தில் அது வேண்டாம். தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் போடும் பட்டறை ஒன்றில் சிமென்ட்டில் கலக்கும் ஆக்சைடு பொடிகள் கேட்டேன், கறுப்பும் சிவப்புமாக இரண்டு பொட்டலம் மடித்துக் கொடுத்தார்கள். கறுப்புப் பொட்டலத்தின் பக்கத்தில் காந்தத்தைக் காட்டியதும் பொடி எழுந்து மீசை மாதிரி ஒட்டிக்கொண்டது. கறுப்பு இரும்பு ஆக்சைடு காந்தத்துக்கு ஓடும். மறுபடியும் இடைவெளியில் தூளா? ஈர்க்கும் டேப்புமாக இன்னொரு ராத்திரியா? சிவப்புப் பொடி காந்தத்தைக் கண்டுகொள்ளவே இல்லை. ஆக, சிவப்பு. அச்சில் ஊற்றி ஒரு நாள் முழுக்க விட்டேன். அச்சு கிழியாமல் வந்ததால் இன்னொன்றும் ஊற்றி வைத்தேன், உபரியாக.

ஏசி பக்கம் பாக்கி இருக்கிறது. 12 வோல்ட் டிரான்ஸ்பார்மரில் டிஜிட்டல் 12.6 சொன்னால் இது 12.1 சொல்கிறது. உள்ளே ஏசியை டிசியாக மாற்றும் காப்பர் ஆக்சைடு ரெக்டிபையர் கிழடாகியிருக்கலாம். கடையில் செத்த டிரான்சிஸ்டர் ரேடியோக்களிலிருந்து எடுத்த ஓஏ79 ஜெர்மானியம் டையோடுகள் ஒரு டப்பா நிறைய இருக்கின்றன, மாற்றக் கை அரித்தது. ஆனால் ஸ்கேல் அச்சடித்தது பழைய ரெக்டிபையரின் குணத்துக்கு. புதியதைப் போட்டால் ஓரிடத்தில் சரியாகி வேறிடத்தில் தவறும். நாலு சதவீதம் தெரிந்த தவறு. அப்படியே விட்டுவிட்டேன்.

மூடியின் உட்பக்கம் ஒரு சீட்டு ஒட்டினேன்: மாற்றிய ரெசிஸ்டர், கண்ணாடி, நாப், ஸ்குரூ, ஏசி 4 சதவீதம் குறைவு, தேதி. பள்ளத்தூருக்குக் கொண்டுபோனபோது ஆச்சி முதலில் பார்த்தது நாபைத்தான்.

"ஏன் தம்பி இது மட்டும் செவப்பு?"

கீழே தரையைக் காட்டினேன். "அந்தக் கல்லுல இருக்குற அதே பொடிதான் ஆச்சி."

குனிந்து ஒரு தடவை தரையைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. டார்ச் கட்டையை வைத்துக் காட்டினேன். முள் ஒன்றரையில் போய் நின்றது. கட்டையை எடுத்ததும் பூஜ்யத்துக்கு வந்தது. வீட்டு மெயின் போர்டில் மட்டும் இதைக் காட்ட வேண்டாம், இந்தக் காலத்துப் பாதுகாப்பு எதுவும் இதில் கிடையாது என்று ஆச்சியின் பேரனிடம் இரண்டு தடவை சொன்னேன். பேட்டரியை வருடத்துக்கு ஒரு தடவை எடுத்துப் பார்க்க வேண்டும், மறந்தால் மறுபடி களிம்புதான் என்று ஆச்சியிடம் சொன்னேன்.

ஆச்சி உள்ளே போய்க் கணக்கு நோட்டை எடுத்துவந்து, மூக்குக்கண்ணாடியை மாட்டி, பால் கணக்குக்குக் கீழே எழுதினார்: "கரண்டு பொட்டி பேட்டரி பாக்க — தை."